பழைய மஸ்டாங்கில் எதை முதலில் மாற்றுவது? 1965–66 வி8 காருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1965-ல் கரோல் ஷெல்பி ஃபோர்டு மஸ்டாங்கை வாங்கி, மாற்றியமைத்து, ஜிடி350 என்ற பெயரில் விற்றார். அந்தக் காரில் அவருடைய ஆட்கள் என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள். முன் வீல்களை உடலோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்ம்களை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஓர் அங்குலத் தடிமனுள்ள ஆன்டி ரோல் பார், கோனி ஷாக், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் அகலமான டிரம், இரு பின் வீல்களையும் ஒன்றாகத் தள்ளவைக்கும் டிட்ராய்ட் லாக்கர் டிஃபரன்ஷியல், ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கும் இரும்புக் கைகள், இன்ஜின் பேயை இறுக்கிக் கட்டும் பிரேஸ்கள் எல்லாம் வந்தன. இன்ஜினுக்குக் கிடைத்தவை வேறு இன்டேக் மேனிஃபோல்டு, ஹோலி கார்புரேட்டர், புகை எளிதாக வெளியேறும் ஹெடர் குழாய்கள். தெருவில் ஓடும் ஜிடி350-ன் இன்ஜினைப் பிரித்து உள்ளே யாரும் கை வைக்கவில்லை. 271 குதிரைத்திறன் 306 ஆனது, அவ்வளவுதான். அதே ஆண்டில் அதன் ரேஸ் வடிவம் எஸ்சிசிஏ என்ற அமெரிக்க ரேஸ் அமைப்பின் பி-புரொடக்‌ஷன் தேசியப் பட்டத்தை வென்றது.

இந்தக் காரில் எதை முதலில் செய்வது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். பெரும்பாலானவர்கள் கார் வீட்டுக்கு வந்த வாரமே கேம் ஷாஃப்டும் பெரிய கார்புரேட்டரும் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். பிறகு நான்கு டிரம் பிரேக்குகளையும் தளர்ந்த ஸ்டியரிங்கையும் வைத்துக்கொண்டு அந்தக் கூடுதல் சக்தியைப் பயன்படுத்தப் பயந்து ஓட்டுகிறார்கள். காசும் போகிறது, காரை ஓட்டும் சுகமும் போகிறது.

இங்கே சொல்வது எல்லாம் 289 கன அங்குல வி8 உள்ள 1965, 66 மாடல்களுக்கு. 1967 முதல் 70 வரையான கார்களுக்கும் வரிசை இதுவே. பாகங்களும் அளவுகளும் மாறும். உங்களுடையது ஆறு சிலிண்டர் கார் என்றால் வீலில் 4 போல்ட்தான் இருக்கும், டிரம்மும் ஆக்சிலும் சிறியவை. அதில் காசு போடுவதற்கு முன் வி8 காரின் 5 போல்ட் ஹப், பெரிய டிரம், 8 அங்குல ஆக்சில் எல்லாவற்றையும் கொண்டுவந்தாக வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, வி8 காராகவே வாங்குவது மேல் என்று பலர் முடிவு செய்கிறார்கள்.

படி 1: எதையும் வாங்காமல் காரைப் படியுங்கள்

மஸ்டாங்குக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். 1960-ல் வந்த ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அடித்தளத்தில் கட்டியது. ஆகவே இந்தக் காரில் துரு என்றால் அழகு கெட்ட விஷயம் மட்டும் அல்ல, காரின் எலும்பு கெட்ட விஷயம்.

முதலில் விண்ட்ஷீல்டுக்குக் கீழே இருக்கும் கௌலைச் சோதியுங்கள். வைப்பருக்கு முன்னால் உள்ள காற்று ஓட்டைகளில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் உள்ளே தகடு போய்விட்டது. இந்தக் கார்களில் தரைத் தகடு துருப்பிடிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். அடுத்து பேட்டரிக்குக் கீழே உள்ள தகடு, முன் ஃபிரேம் ரெயில், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்கள். கடைசியாக, முன் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தாங்கும் ஷாக் டவர்: மேல் ஆர்ம் போல்ட்டைச் சுற்றியும் வெல்டு ஓரங்களிலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு விரிசல் தேடுங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் முடியும் வரை மற்ற எல்லாம் காத்திருக்கட்டும்.

இன்ஜினையும் இப்போதே அளந்துவிடுங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் பாருங்கள். எட்டு சிலிண்டரில் மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவின் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் அந்த இன்ஜினுக்கு மேலே எதையும் பூட்டுவதில் அர்த்தம் இல்லை. ஓவர்ஹாலுக்குப் பணம் ஒதுக்குங்கள். நன்றாக இருந்தால் நிம்மதியாக அதை இரண்டு மூன்று வருடம் அப்படியே விடலாம்.

இந்தக் காரில் ஓட்டுநரின் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட நான்கு விஷயங்கள் உண்டு. ஸ்டியரிங் தண்டு, ஸ்டியரிங் பாக்ஸில் இருந்து உங்கள் மார்பு வரை ஒரே நீளக் கம்பி. மோதலில் மடங்கும் ஸ்டியரிங் 1967-ல்தான் வந்தது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு குழாய் வெடித்தால் நான்கு வீலுக்கும் பிரேக் போய்விடும். பெட்ரோல் டேங்கின் மேல் பக்கமே டிக்கியின் தரை. பின்னால் மோதினால் டேங்குக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது சீட்டும் அட்டையும்தான். பெல்ட் இடுப்புக்கு மட்டும். ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் அடுத்த படிகளில் பார்ப்போம். மூன்று முனை பெல்ட்டையும், பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே ஓர் எஃகுத் தகட்டையும் முதல் மாதமே போட்டுவிடுங்கள். இரண்டுக்கும் செலவு குறைவு.

படி 2: பிரேக்

முதலில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். 1967 மஸ்டாங்கின் டிரம் பிரேக் சிலிண்டரைச் சிறு குழாய் வேலையோடு இதில் பொருத்தலாம். கூடவே மூன்று ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். ஒரு பக்கம் இழுக்கும் காருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

வி8 காரின் 10 அங்குல டிரம்கள் சரியாக அட்ஜஸ்ட் செய்திருந்தால் ஒரு முறை நன்றாகவே நிறுத்தும். மலைச்சரிவில் ஐந்தாவது ஆறாவது முறை மிதிக்கும்போதுதான் சூடேறிப் பிடி போகும். ஆகவே முன்னால் டிஸ்க் அவசியம். ஃபோர்டே 1965-ல் கூடுதல் விலைக்குக் கொடுத்த கெல்சி-ஹேய்ஸ் 4 பிஸ்டன் டிஸ்க் இன்று புதிதாகத் தயாராகிறது. காரின் காலத்துக்கும் தோற்றத்துக்கும் பொருந்தும், பிடியும் போதும். பின்னால் டிரம்மையே வைத்துக்கொண்டு, பின் வீல் முதலில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அட்ஜஸ்ட் செய்யக்கூடிய புரோபோர்ஷனிங் வால்வு ஒன்று போடுங்கள். பழைய 14 அங்குல வீலின் உட்புறம் காலிப்பரில் உரசுகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

நான்கு வீலுக்கும் பெரிய டிஸ்க் கிட் வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். தெருக் காருக்கு அது தேவையில்லை. அந்தப் பணம் படி 4-க்கு வேண்டும்.

படி 3: டயர்

டயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வயது தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் கழற்றிவிடுங்கள். 15×7 வீலில் 205/60 அல்லது 215/60 ரேடியல், இந்தக் காருக்கு உடலில் உரசாமல் நன்றாகப் பொருந்தும். 17 அங்குல வீல் பார்வையாக இருக்கும். இந்தச் சஸ்பென்ஷனுக்கு அது சுமைதான்.

படி 4: முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும்

இந்தக் காரின் குணம் மாறும் இடம் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை முதலில். இந்தக் காரில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்து, ஷாக் டவருக்குள் அழுந்தி நிற்கிறது. அதற்கென்றே உள்ள கம்ப்ரஸர் இல்லாமல் கழற்ற முயலாதீர்கள். கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் வெளிப்புறக் கொக்கி வகை இதற்கு ஆகாது. அழுத்தத்தோடு வெளியே பாயும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

முதல் வேலை, தேய்ந்ததை மாற்றுவது. பால் ஜாயின்ட், டை ராட், ஐட்லர் ஆர்ம், சென்டர் லிங்க், ஸ்ட்ரட் ராட் புஷ், கீழ் ஆர்ம். இதை முடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ‘இந்த ஸ்டியரிங் பாக்ஸே சரியில்லை’ என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். ஸ்ட்ரட் ராடுக்கு மட்டும் பாலியூரித்தேன் புஷ் போட வேண்டாம். அந்தக் கம்பி மேலும் கீழும் ஆட வேண்டியது. கெட்டியான புஷ் அதை ஆடவிடாமல் பிடித்து, கடைசியில் கம்பியே முறியும். நல்ல ரப்பர் போடுங்கள், இல்லாவிட்டால் உருண்டை மூட்டான ஹைம் ஜாயின்ட் உள்ள ஸ்ட்ரட் ராட் வாங்குங்கள்.

இரண்டாவது வேலை, ஷெல்பி செய்த அந்த ஓர் அங்குலம். ஷெல்பி டிராப் என்றும், அதைக் கணக்கிட்ட ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் பெயரால் ஆர்னிங் டிராப் என்றும் சொல்வார்கள். ஃபேக்டரி அமைப்பில் மேல் ஆர்மின் உள்முனை உயரத்திலும் வெளிமுனை தாழ்வாகவும் இருக்கிறது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க வீலின் மேல்முனை வெளியே தள்ளப்பட, டயர் தன் ஓரத்தில் ஏறி நிற்கும். கார் நேராகவே போக விரும்புவது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். உள்முனையை ஓர் அங்குலம் கீழே கொண்டுவந்தால் ஸ்பிரிங் அழுந்தும்போது டயரின் மேல்முனை உள்ளே வருகிறது. டயரின் முழு அகலமும் சாலையில் படிகிறது. கார் சாயும்போது சுழலும் மையமான ரோல் சென்டரும் உயர்வதால் சாய்வும் குறைகிறது.

செலவு? ஒரு டெம்ப்ளேட், ஒரு டிரில், அரைநாள். ஆர்மைக் கழற்றியபின் டெம்ப்ளேட்டைப் பழைய துளைகளில் பூட்டி, கீழே புதுத் துளைகள் போட வேண்டும். முதலில் சிறிய பிட், பிறகு படிப்படியாகப் பெரியது. இருபக்கமும் ஒரே அளவா என்று இரண்டு முறை அளந்த பிறகே டிரில்லைத் தொடுங்கள். முன்பக்கம் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் தானாகவே இறங்கும். ஸ்பிரிங்கை வெட்டித்தான் இறக்க வேண்டும் என்பது இல்லை. ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள், அப்படி இறக்கினால் பால் ஜாயின்ட் கோணம் தாண்டி முட்டும். 1966-ல் ஷெல்பியே செலவைக் குறைப்பதற்காக இந்த வேலையை நடுவில் கைவிட்டார். வீட்டில் செய்யும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆர்ம் கையில் இருக்கும்போதே ஓர் அங்குல முன் பாரும், நல்ல ஷாக்கும் போட்டுவிடுங்கள். பின்னால் ஆன்டி ரோல் பார் இப்போது வேண்டாம். ஈரச் சாலையில் வால் முன்னால் வரப் பார்க்கும்.

மூன்றாவது, அலைன்மென்ட். பழைய சர்வீஸ் புத்தகத்தின் எண்கள் அந்தக் காலத்து பயஸ்-பிளை (குறுக்கு இழை) டயருக்கானவை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் வருவதும் அதே எண்கள்தான். ரேடியலுக்கு இதை எழுதிக் கையில் கொடுங்கள்: கேம்பர் (வீலின் பக்கவாட்டுச் சாய்வு) மைனஸ் அரை டிகிரி, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) பிளஸ் 2 முதல் 3 டிகிரி, டோ-இன் (வீல்களின் முன்புறம் உள்நோக்குவது) 1/8 அங்குலம். மேல் ஆர்முக்குப் பின்னால் ஷிம் வைத்துச் சரிசெய்யும் முறை தெரிந்த, வயதான கைகள் உள்ள கடையாகத் தேடுங்கள்.

இதற்குப் பிறகும் ஸ்டியரிங் மந்தமாகத் தோன்றினால் விகிதத்தைப் பாருங்கள். சாதாரண மேனுவல் ஸ்டியரிங் மொத்த விகிதம் 27:1, வேகமானது 22:1. பாக்ஸ் மாற்ற வேண்டிய நிலை வந்தால், பழைய ஒற்றைத் தண்டை வெட்டி நடுவில் ஜாயின்ட் வைக்கும் நவீன பாக்ஸாகப் பாருங்கள். முதல் படியில் சொன்ன மார்புக்கு நேரான கம்பியின் ஆபத்தும் அதோடு குறையும்.

படி 5: உடலை இறுக்குவதும் பின் ஸ்பிரிங்கும்

ஃபேக்டரியில் ஷாக் டவருக்கும் கௌலுக்கும் நடுவே மெல்லிய இரண்டு தகட்டுக் கைகள் வரும். அவற்றுக்குப் பதிலாக ஒரே துண்டான எக்ஸ்போர்ட் பிரேஸ், இரண்டு டவருக்கும் குறுக்கே மான்டி கார்லோ பார். இரண்டும் போல்ட்டில் மாட்டுபவை. மாட்டும்போது துளைகள் ஒத்துவரவில்லை என்றால், அறுபது வருடத்தில் டவர்கள் உள்ளே சாய்ந்திருக்கின்றன என்று பொருள். அடித்து நுழைக்காதீர்கள், ஜாக் வைத்து மெல்ல விரித்துப் பூட்டுங்கள்.

முன் ஃபிரேம் ரெயில் சீட்டுக்கு அடியில் முடிந்துவிடுகிறது, பின் ரெயில் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. இரண்டையும் இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டரை வெல்டிங் செய்துவிட்டால் கதவு மூடும் ஓசையே மாறும். கார் தன் நான்கு வீலில் நிற்கும்போதுதான் வெல்டு வைக்க வேண்டும், உடல் தொங்கும் லிஃப்டில் அல்ல. பின்னால் பழைய பட்டைகள் தொய்ந்திருந்தால் நான்கரை அல்லது ஐந்து பட்டை மிட்-ஐ ஸ்பிரிங், புதுப் புஷ், புது ஷாக். முடிந்தது.

படி 6: இருக்கும் இன்ஜினை முழுசாக எழுப்புவது

பெரும்பாலான 289-கள் தங்கள் 200 அல்லது 225 குதிரைத்திறனைத் தருவதில்லை. காரணம் தேய்மானம் அல்ல, டியூனிங். இக்னிஷன் பாயின்ட்டை எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் மாட்யூல் வையுங்கள். டைமிங் பார்ப்பதற்கு முன் முதல் பிஸ்டனை உண்மையான டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் எட்டும் உச்சி) கொண்டுவந்து, கிராங்க் முனையில் உள்ள பேலன்ஸரின் குறி அதோடு ஒத்துப்போகிறதா என்று சோதியுங்கள். பேலன்ஸரின் வெளிவளையத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் வயதாகி நழுவும். அப்போது குறி பொய் சொல்லும். தொடக்க டைமிங் 10 முதல் 12 டிகிரி, 3000 ஆர்பிஎம்மில் வேக்குவம் கழற்றிய நிலையில் மொத்தம் 34 முதல் 36. ஒரு சாயங்காலத்தில் செய்யும் இந்த வேலையிலேயே கார் புது உற்சாகம் பெறும்.

ஃபேக்டரி டைமிங் செயின் கியரில் நைலான் பல் இருந்தது. இன்னும் மாற்றாமல் இருந்தால் அது உடைந்து ஆயில் பம்ப் வடிகட்டியில் போய் அடைப்பதற்குள் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டருக்கு, ஃபேனைச் சுற்றி மூடும் ஷ்ரவுட் கட்டாயம்.

கார்புரேட்டர் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 289 கன அங்குல இன்ஜின் 5500 ஆர்பிஎம்மில் முழுதாக நிரம்பினாலும் நிமிடத்துக்குச் சுமார் 460 கன அடி காற்றுதான் இழுக்கும். 750 கன அடி கார்புரேட்டர் அதற்கு எதற்கு? 500 முதல் 600 வரை போதும்.

படி 7: கியர்

இன்ஜினைத் தொடாமல் காரின் பிக்கப்பை மாற்றும் இடம் இது. சாதாரண 289 பலவற்றில் பின்னால் 2.80 விகித கிரவுன்-பினியன்தான் இருக்கும். நெடுஞ்சாலைக்கு வசதி, கிளம்புவதற்குச் சோம்பல். 3.55 போட்டால் சுறுசுறுப்பு வரும், ஆனால் 70 மைல் வேகத்தில் 25 அங்குல டயரோடு இன்ஜின் 2630-க்குப் பதில் 3340 ஆர்பிஎம்மில் அலறும்.

இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது, பின்னாளைய மஸ்டாங்குகளில் வந்த 5 கியர் டி-5 பெட்டி. அதன் முதல் கியர் 3.35, ஐந்தாவது 0.68. பழைய 4 கியர் டாப்லோடரின் முதல் கியர் 2.78, பின்னால் 2.80, பெருக்கினால் 7.8. புது அமைப்பில் 3.35-ஐ 3.55-ஆல் பெருக்கினால் 11.9. அதாவது நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது வீலுக்கு 50 சதவீதத்துக்கும் கூடுதலான முறுக்குவிசை. ஐந்தாவது கியரில் மொத்த விகிதம் 2.41 ஆகிறது, 70 மைல் வேகத்தில் இன்ஜின் 2270 ஆர்பிஎம்மில் அமைதியாகச் சுற்றும். கிளம்புவதிலும் முந்துகிறது, நெடுஞ்சாலையிலும் பழையதைவிட நிதானம். எந்தக் கேம் ஷாஃப்டும் இந்த இரண்டையும் ஒன்றாகத் தராது.

வாங்கும்போது 1985-க்குப் பிறகு வந்த ‘வேர்ல்டு கிளாஸ்’ வகையா என்று பாருங்கள். 1990 முதல் 93 வரை 5.0 லிட்டர் மஸ்டாங்கில் வந்தது 300 பவுண்ட்-அடி மதிப்பீடு கொண்டது. உங்கள் இன்ஜின் 1964 ஆகஸ்டுக்கு முந்தையது என்றால் பெல் ஹவுசிங் 5 போல்ட், பிந்தையது என்றால் 6 போல்ட். இதை எண்ணாமல் கிட் ஆர்டர் செய்யாதீர்கள். ஆட்டோமேட்டிக் விரும்புபவர்களுக்கு 0.67 ஓவர்டிரைவ் உள்ள ஏஓடி பெட்டி இருக்கிறது. அதில் த்ராட்டில் வால்வு கேபிளைச் சரியாக வைக்காவிட்டால் சீக்கிரமே எரிந்துவிடும்.

ஆக்சில் 8 அங்குலமா 9 அங்குலமா என்று தெரிய, டிஃபரன்ஷியலின் கீழ்ப்பக்க நட்டுகளில் சாக்கெட் போட்டுப் பாருங்கள். எல்லா நட்டிலும் சாக்கெட் நேராக உட்கார்ந்தால் 8 அங்குலம். தெரு டயரோடு 300 குதிரைத்திறன் அளவுக்கு அது தாங்கும். கிரவுன் மாற்றும்போதே ஒரு வீல் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப்பும் போட்டுவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

படி 8: இப்போது இன்ஜின்

இங்கே இரண்டு பாதை. முதலாவது, உங்கள் 289-ஐ வைத்துக்கொண்டு ஹெட், இன்டேக், கேம், ஹெடர் நான்கையும் ஒரே தொகுப்பாக மாற்றுவது. பழைய ஹெட்டின் இன்டேக் வால்வு 1.78 அங்குலம்தான், இன்ஜின் மூச்சுத் திணறுவது அங்கேதான். ஹெட் மாற்றாமல் கேமை மட்டும் மாற்றினால் ஐடிலிங் கெடும், லாபம் சொற்பம். புது ஹெட் போடும்போது எரியறைக் கொள்ளளவைப் பாருங்கள். பழையதைவிடப் பெரிதாக இருந்தால் கம்ப்ரஷன் இறங்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இடைவெளியைக் களிமண் வைத்து அளக்காமல் ஹெட்டை இறுக்கிவிடாதீர்கள். பழைய வகை ஃப்ளாட் டாப்பெட் கேம் என்றால் துத்தநாகம் கூடிய ஆயில் வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் அது குறைவு, கேம் தேய்ந்துவிடும்.

இரண்டாவது பாதை எனக்குப் பிடித்தது. பழைய இன்ஜினை எண்ணெய் தடவி மூடி வைத்துவிட்டு, 1997-க்குப் பிறகு வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 5.0 வி8-ஐக் கொண்டுவருவது. அதே குடும்பம், அதே மவுண்ட். ரோலர் கேம் இருப்பதால் துத்தநாகக் கவலை இல்லை, ஜிடி40பி ஹெட் ஃபேக்டரியிலேயே வருகிறது. காரின் அசல் இன்ஜினும் பத்திரமாக இருக்கும். கவனிக்க வேண்டியவை மூன்று. இந்த ஹெட்டில் ஸ்பார்க் பிளக் சாய்வு வேறு, அதற்கென்று செய்த ஹெடர்தான் ஒத்துவரும். ஃப்ளைவீலும் பேலன்ஸரும் 50 அவுன்ஸ் சமநிலை வகையாக இருக்க வேண்டும். 289-ன் 28 அவுன்ஸ் ஃப்ளைவீலைப் போட்டால் இன்ஜின் தன்னைத்தானே உதறிக் கெடுத்துக்கொள்ளும். சம்ப்பும் ஆயில் பிக்கப்பும் மஸ்டாங்குக்கு ஏற்ற முன்பக்க வகைக்கு மாற வேண்டும். ஃபயரிங் ஆர்டர் 1-3-7-2-6-5-4-8. பழைய 289-ன் 1-5-4-2-6-3-7-8 பழக்கத்தில் ஒயர் செருகாதீர்கள்.

பிஸ்டன் ஓட்டத்தை நீட்டிக் கொள்ளளவைக் கூட்டும் 347 கன அங்குல ஸ்ட்ரோக்கர் வரை போக ஆசை இருந்தால் முழுக் கணக்கையும் முதலிலேயே போடுங்கள். 8 அங்குல ஆக்சிலுக்குப் பதில் 9 அங்குலம், டி-5-க்குப் பதில் டிரெமெக் டிகேஎக்ஸ், பெரிய ரேடியேட்டர், பெரிய பெட்ரோல் லைன், பின்னாலும் டிஸ்க் எல்லாம் அதோடு வரும். ஃபேக்டரி 5.0 பிளாக் 500 குதிரைத்திறனை நெருங்கும்போது நடுவே பிளக்கத் தொடங்கும். அதற்கு மேல் போக நினைப்பவர்கள் ஆஃப்டர்மார்க்கெட் பிளாக்கின் விலையையும் அதே தாளில் எழுதிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.